நடக்கும் பவளமும் வகையறா நண்டும்

மன்னார் வளைகுடாவில் ஒரு பவளத் திட்டு. அதன் ஓரத்து மணலில் ஒரு குட்டிப் பவளம் ஊர்ந்துகொண்டே இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதனால் பேரும் பொத்தான்.

பவளம் எங்கேயாவது ஊருமா என்று கேட்பீர்கள். ஊராதுதான். பொத்தானின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. அதற்குள் நெளியான் என்றொரு புழு குடியிருந்தது. நெளியான் மூக்கை மணலில் ஊன்றி இழுக்கும். மேலே பொத்தான் ஆடி ஆடிப் போகும். புழுவுக்குக் கல் வீடு, பவளத்துக்கு ஓசி வண்டி.

ஆனால் அந்த வண்டி நிற்கவே நிற்காது. காலையில் இழுக்கும். மத்தியானம் இழுக்கும். சாயங்காலம் திரும்பி எதிர்ப்பக்கம் இழுக்கும்.

"கொஞ்ச நேரம் சும்மா கெட!" என்று பொத்தான் கத்தும்.

"சும்மா கெடந்தா எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது!" என்று நெளியான் இன்னும் இழுக்கும்.

ஒரு நாள் இரண்டும் திட்டின் அடிவாரத்தை உரசிக்கொண்டு போயின. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லு! நீ எந்த வகையறா?"

அது ஒரு நண்டின் குரல். திட்டில் யார் என்ன இனம் என்று பிரித்துச் சொல்லும் வேலையை அந்த நண்டு தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. யாரும் கொடுக்கவில்லை. அது குடியிருப்பதே ஒரு கிளைப் பவளத்தின் இடுக்கில்தான். ஆனாலும் அதிகாரம் தூள் பறக்கும்.

"பவளம்ங்கய்யா" என்றது பொத்தான்.

"பவளமா? பாத்துருவோம்!"

நண்டு இறங்கி வந்தது. பொத்தானின் வாயைச் சுற்றியிருந்த விரல்களை எண்ணியது. "எட்டு இருந்தா மென்பவள வகையறா. உனக்கு ஆறாறா வருது. சரி!" அடியில் தட்டிப் பார்த்தது. "கல்லு கிண்ணமும் இருக்கு. சரி! கொட்டுவியா?" என்று ஒரு விரலைத் தொட்டது. "ஸ்ஸ்! கொட்டுற. சரி, சரி! நீ கல்பவளந்தான்..."

பொத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து நெளியானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு இழுப்பு இழுத்தது.

"ஏய், நகருறியே!" நண்டின் கண்கள் வெளியே துருத்தின. "கல்பவளம் நகராது! ஓடும் இருக்கு, நகரவும் செய்யுது. நீ நத்தை வகையறா!"

"நத்தை! நத்தை!" என்று திட்டிலிருந்த மூளைப் பவளங்கள் சிரித்தன. பொத்தானுக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஐயா, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க!"

நண்டு ஒரு சங்குத் துண்டைக் கொண்டுவந்து பொத்தானின் பக்கத்தில் நட்டது. "நாளைக்கு வருவேன். இந்த இடத்தைவிட்டு அசையாம இருந்தா நீயும் எங்க வகையறா!"

நண்டு போனதும் பொத்தான் கீழே குனிந்து சீறியது. "இன்னைக்கு மட்டும் அசைஞ்சே, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிரு!"

நெளியான் வெளியே எட்டிப் பார்த்தது. தாடியால் மணலைத் துழாவிக்கொண்டு ஒரு நவரை மீன் புழு தேடிக்கொண்டிருந்தது. நெளியான் சட்டென்று உள்ளே சுருண்டுகொண்டது.

பாவம், இழுக்காமல் இருக்க அது பட்ட பாடு! இந்தப் பக்கம் சுருண்டது. அந்தப் பக்கம் சுருண்டது. தன் வாலிலேயே சிக்கிக்கொண்டது.

அதற்குள் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழுந்தது. அடியில் நீரோட்டம் கலங்கி, மணல் பறந்து பறந்து படிந்தது. முதலில் பொத்தானின் அடிப்பாகம் மூடியது.

"நகரட்டுமா?"

"கூடாது!"

கிண்ணத்தின் விளிம்பு வரை மணல் ஏறியது. பொத்தான் வழுவழுவென்று சளியைச் சுரந்து மணலைத் தள்ளியது. தள்ளத் தள்ள வந்தது.

"இப்ப நகரட்டுமா?"

"கூடாதுன்னு சொல்றேன்ல! நான் நத்தை இல்ல!"

பொத்தானின் உடம்புக்குள் பொடிப் பொடிப் பாசிகள் குடியிருந்தன. வெயிலை வைத்துச் சமைத்துப் போடுவது அவைதான். மணல் மூடியதும் வெயில் போயிற்று. அடுப்பு அணைந்தது. அப்போதுதான் பொத்தானுக்குப் பயம் பிடித்தது. "நகரு!" என்று கத்த வாயைத் திறந்தது. பவளத்துக்கு வாய் ஒன்றுதான். உண்பதும் அதில்தான், கழிப்பதும் அதில்தான். அந்த ஒரே வாய் நிறைய மணல்!

"நகரட்டுமா?" என்றது நெளியான்.

பதில் இல்லை.

"ஏய், பொத்தான்! கோவமா?"

பதில் இல்லை. நெளியான் யோசித்தது. நகர்ந்தால் வீடு போய்விடும். வெளியே நவரை. நகராவிட்டால் பொத்தான் ஏன் பேசவில்லை?

"என்னால முடியல! திட்டுனா திட்டிக்கோ, துரத்துனா துரத்திக்கோ!"

மூக்கை ஊன்றி இழுத்தது. மணல் விடவில்லை. வெறி பிடித்ததுபோல் மறுபடி மறுபடி இழுத்தது. மணலைப் பிளந்துகொண்டு பொத்தான் வெளிச்சத்துக்கு வந்து விழுந்தது. வாய் மணலைத் துப்பித் துப்பி, அதற்குப் பேச்சு வரவே வெகுநேரம் ஆயிற்று.

"நெளியான்... நீ எங்கேயும் போயிராத."

மறுநாள் நண்டு ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. சங்குத் துண்டின் நுனி மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி வழவழவென்று வெறும் மணல்.

"பாத்தீங்களா!" என்று நண்டு கொடுக்கைத் தூக்கியது. "அந்தப் பொடியன் இதுக்குக் கீழதான் இருக்கான். மண்ணு மூடியும் அசையல! இவன்தான் அசல் கல்பவளம்! நம்ம வகையறா!"

மூளைப் பவளங்கள் எல்லாம் வெறும் மணலைப் பார்த்து வாழ்த்தின.

கொஞ்சம் தள்ளி, பாசிக்குப் பின்னால் நின்று பொத்தான் அத்தனையும் கேட்டது. தன் குழிமேல் நின்று தன்னையே புகழ்கிறார்கள்!

"நெளியான்" என்று மெல்லக் கூப்பிட்டது. "ஏன் நின்னுட்ட? இழு, இழு!"

ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக, நம்மை வாழவைக்கும் துணையின் கையைக் கட்டிப் போடக் கூடாது.