மயிலைப் பார்க்காதவர்

வைத்தியலிங்கம் இருபத்தொரு வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவர். விருத்தாசலம் பக்கத்தில் அவர் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். உபரி ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. நாற்பத்தேழாவது வயதில் அவரை எல்கேஜி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அறையில் பத்து வருடமாக இருந்தவர் அங்கன்வாடி டீச்சர் கலைமதி. வயது முப்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள் வைத்தியலிங்கம் பயிற்சியில் கொடுத்த கையேட்டை நீட்டினார்.

"எல்லாரையும் வட்டமா உட்கார வைக்கணும்னு போட்டிருக்கு டீச்சர். அரை மணி நேரமா கத்துறேன். எப்படி உட்கார வைக்கிறது?"

கலைமதி எழுந்தார். அறையின் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். புளியங்கொட்டைப் பையைப் பிரித்துக் கொட்டினார். ஒரு பிள்ளை வந்தது. பிறகு மூன்று. சற்று நேரத்தில் இருபத்திரண்டு பேரும் வந்தாயிற்று. நின்றுகொண்டிருந்தது வைத்தியலிங்கம் மட்டும்தான்.

"உங்களுக்கும் எடம் இருக்கு சார்" என்றார் கலைமதி.

அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் அவர் கலைமதியிடம்தான் போவார். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

ஜூலை மாதம் கனிஷ்கா என்றொரு பெண் குழந்தை சேர்ந்தது. நான்கு வயது. அவளுடைய அப்பா ஏழுமலை ஓடு கம்பெனியில் சூளை வேலை பார்ப்பவர். காலையில் வாசலுக்கு வந்ததும் கனிஷ்கா அவர் காலைக் கட்டிக்கொள்வாள். கம்பெனி வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். ஏழுமலை தவிப்பார்.

வைத்தியலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். "அங்க பாரு, அணில்! வாலைப் பாரு!" என்பார். குழந்தை திரும்பும். ஏழுமலை நழுவிவிடுவார். பிறகு பத்து நிமிட அழுகை. அவ்வளவுதான்.

ஒரு நாள் அணில், ஒரு நாள் பொம்மலாட்டப் பொம்மை, ஒரு நாள் பாட்டிலில் விட்ட மீன். ஒரு வாரத்தில் கனிஷ்கா அழுவதை நிறுத்திவிட்டாள். வைத்தியலிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் அவள் வேறு எதையும் செய்யவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பட அட்டையைக் காட்டினால் பார்ப்பதில்லை. கதை சொன்னால் திரும்புவதில்லை. ஒருநாள் அவர் அவள் முகவாயைத் தொட்டு மெதுவாகத் திருப்பினார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

வைத்தியலிங்கத்துக்குப் பயம் வந்தது. மருத்துவ முகாமுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்து, 'கவனக் குறைபாடு இருக்கலாம்' என்று எழுதினார். சாயங்காலம் அதை ஏழுமலையிடம் படித்துக் காட்டினார்.

ஏழுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "எம்புள்ளைக்கு மூளையில எதுனா கோளாறா சார்?" என்று கேட்டார்.

"தெரியல. டாக்டர் பார்த்துதான் சொல்லணும்."

ஏழுமலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று இரவு முழுக்க அந்த முகம் வைத்தியலிங்கத்தின் நினைவிலேயே நின்றது.

மறுநாள் காலை அவர் கலைமதியிடம் கேட்டார்.

"படிவத்தை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணணும்னு இருக்கு டீச்சர். என்ன செயல்பாடு வச்சா இந்தப் புள்ள திரும்பிப் பார்க்கும்?"

கலைமதி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "சார், அங்க பாருங்க, மைனா."

அவர் திரும்பினார். வேப்பமரக் கிளையில் உண்மையாகவே மைனா இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

பத்து மணிக்கு, "சார், அங்க பாருங்க, மேகம் கறுத்துட்டு வருது" என்றார் கலைமதி. பார்த்தார். செல்போன் போயிற்று.

சாப்பாட்டு நேரத்தில், "சார், அந்தப் பூனைக்குட்டியப் பாருங்க." பார்த்தார். டிபன் பாக்ஸ் போயிற்று.

"என்ன டீச்சர் விளையாட்டு இது?" என்றார் வைத்தியலிங்கம். கலைமதி பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு, "சார், மதில் மேல பாருங்க, மயில்!" என்றார் கலைமதி.

பிள்ளைகள் "ஹோ"வென்று கத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடின. தோகை, தோகை என்று குதித்தன. வைத்தியலிங்கம் அசையவில்லை. படிவத்தை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கலைமதியையே பார்த்தார்.

"புள்ளைங்க பார்த்துச்சுங்க. நீங்க பார்க்கல" என்றார் கலைமதி. "கவனக் குறைபாடா சார்?"

வைத்தியலிங்கம் சுவரோரம் திரும்பினார். கனிஷ்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மயிலைப் பார்க்காதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

கலைமதி கண்ணாடியையும் செல்போனையும் டிபன் பாக்ஸையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார். வைத்தியலிங்கம் படிவத்தை நான்காகக் கிழித்தார்.

சாயங்காலம் அவர் ஏழுமலையைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பு என்னுது. நான் ஒண்ணைக் காட்டுறப்பல்லாம் நீங்க காணாமப் போறீங்க. அதான் அவ எதையும் பார்க்கமாட்டேங்குறா. நாளையிலேருந்து சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா அழுவுமே சார்."

"அழட்டும்."

ஏழுமலை குரலைத் தாழ்த்தினார். "இவ அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனப்பவும் இப்டித்தான் சார். பஸ் ஸ்டாண்டுல பலூன்காரனைக் காட்டுனேன். இது திரும்பிச்சு. அவ பஸ் ஏறிட்டா."

அருகில் நின்ற கலைமதி, "எப்ப வருவீங்கன்னும் சொல்லுங்கண்ணே. மூணரைன்னா அதுக்குத் தெரியாது. மத்தியானம் தூங்கி எழுந்ததும் வருவேன்னு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் வாசலில் ஏழுமலை குந்தி உட்கார்ந்தார். "கனிம்மா, அப்பா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்" என்றார். கனிஷ்கா போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் எழுந்து வந்தார். அவளைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் அழுதன. வைத்தியலிங்கம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அணிலையோ மீனையோ காட்டவில்லை. அவள் உதைத்தபோது காலை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"எப்ப நிறுத்துவா டீச்சர்?" என்று கேட்டார்.

"அவங்க அப்பா ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்காரு. இது அழுதுகிட்டே அவரோட பேசிட்டிருக்கு. பேசி முடிக்கட்டும் சார்."

சொன்ன நேரத்துக்கு வருவதற்காக ஏழுமலை சூளை மேஸ்திரியிடம் கெஞ்சி மதியச் சாப்பாட்டு நேரத்தை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையை வீட்டில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு ஓடுவார். ஒருநாள் கொட்டுகிற மழை. தொப்பலாக நனைந்து, பிள்ளைகள் எழுவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார்.

காலை அழுகை அரை மணி ஆயிற்று. பிறகு கால் மணி. ஒரு திங்கட்கிழமை வாசலில் உதட்டைப் பிதுக்கினாள், கையை ஆட்டினாள், உள்ளே வந்தாள். வைத்தியலிங்கம் தரையில் இலைகளைப் பரப்பி வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கனிஷ்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு பூவரச இலையை எடுத்துச் சுருட்டினாள்.

"சார், இதுல பீப்பீ செய்யலாம்" என்றாள்.

அவர் காதில் விழுந்த அவளுடைய முதல் பேச்சு அது.

பிள்ளைகள் போனபிறகு வைத்தியலிங்கம் மாத அறிக்கையை எடுத்தார். பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினார்.

"கனிஷ்காகிட்ட முன்னேற்றம்னு எழுதிட்டேன் டீச்சர். எந்தச் செயல்பாட்டால முன்னேற்றம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுதட்டும்?"

கலைமதி பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அது தூங்கி எழுந்தப்ப அப்பா வாசல்ல நின்னாருன்னு எழுதுங்க சார்."