பச்சையில் இருந்தவர்

குருவைவிட சீடர் பன்னிரண்டு வயது மூத்தவர். சிரிக்காதீர்கள், கருவேலங்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படித்தான். டாக்டர் தணிகாசலம் நகரத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஆபரேஷன் செய்தவர். "வயசானவங்களைப் பார்க்க எனக்கு நீங்கதான் கத்துத் தரணும் சிஸ்டர்" என்று நர்ஸ் பிலோமினாவிடம் அவரே வாய்விட்டுக் கேட்டிருந்தார்.

அன்று சர்க்கரை நோயாளிகள் வரும் நாள். பழைய ரெக்கார்டுகளை எல்லாம் படித்துவிட்டு, யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஐ சொல்லும். அவசரம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. டாக்டருக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

"டாக்டர், பெஞ்சில ஆண்டிச்சாமி ஐயாவைப் பாருங்க. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு."

"அவர் பச்சை சிஸ்டர். எட்டு மாசமா சுகர் கனகச்சிதம். இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்காது?"

பிலோமினா சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தாள். எழுந்துபோய்ப் பெரியவரின் விரலில் குத்திப் பார்த்தாள்.

சர்க்கரை நாற்பத்தொன்று!

எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்பதால் டாக்டர் ஓடிவந்தார். அதற்குள் பெரியவருக்கு நாக்கு குழறி, கண் செருகிவிட்டது. தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. எத்தனையோ வயிறுகளைக் கிழித்துத் தைத்த கை, பாவம், முதல் குத்தில் தவறிவிட்டது.

"ஆள் போயிருவாரு சிஸ்டர்!"

"போகமாட்டாரு. நான் ஐயா கையைப் பிடிச்சுக்கிறேன், நீங்க குத்துங்க."

இரண்டாம் முறை ஊசி ஏறியது. அடுத்த பத்து நிமிஷமும் டாக்டர் மூச்சே விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர் மெல்லக் கண் திறந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க ஐயா?" என்றாள் பிலோமினா.

"முந்தாநேத்து ராத்திரி, தாயி."

"மாத்திரை?"

"அதை விடுவேனா? வேளை தவறாமப் போட்டேன்." பெரியவர் ஓரக்கண்ணால் டாக்டரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பட்டினி கிடந்துதான் வருவேன். நம்பர் ஏறியிருந்தா டாக்டரய்யா அத்தனை பேருக்கு முன்னாடி வையுறாரே."

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. திரையைப் பார்த்தார். ஆண்டிச்சாமி இன்னும் பச்சையில்தான் இருந்தார்.

"எட்டு மாசக் கணக்கும் தப்பு. இதை அந்த மெஷினுக்கு எப்படி சிஸ்டர் புரியவைக்கிறது?"

பிலோமினா பெரியவரின் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினுக்கு மெதுவாச் சொல்லிக்கலாம் டாக்டர். வெளியில இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. காலையில சாப்பிட்டீங்களான்னு நீங்களே போய்க் கேளுங்க. சிரிச்ச முகமாக் கேளுங்க."