முள்ளெலியின் பெரிய கூடை

ஒரு காட்டில், குழந்தைகளே, யாருக்குப் பசி எடுத்தாலும் பெருச்சாளியிடம்தான் போக வேண்டும்.

காட்டிலிருந்த கிழங்கில் பெரும்பகுதி பெருச்சாளியின் பொந்துக்குள் இருந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "எல்லாம் உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்று பெருச்சாளி சொல்லும். அதன் குரல் இனிமையாக இருக்கும். அதனால் யாரும் மேலே கேட்பதில்லை.

பெருச்சாளி கிழங்கைக் கடனாகக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை உண்டு. அமாவாசையன்று, கூடை கொள்ளும் அளவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமிக்குள் மண்ணைத் தோண்டித் தேடி, எடுத்த அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாள் தவறினால் ஐந்துக்கு ஒன்று கூடுதல்.

தோண்டிய கிழங்கெல்லாம் கடனுக்கே போய்விடும். ஆகவே அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் பசிக்கும். மறுபடியும் எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

பெருச்சாளியின் பொந்திலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பட்ட மரம் நின்றது. அதன் உச்சியில் மரங்கொத்தி உட்கார்ந்திருக்கும். கூடையோடு போகிறவர்களை மேலிருந்து பார்ப்பது அதன் வேலை. முகத்தைப் பார்க்காது. கூடையைப் பார்க்கும்.

மரத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசை இருந்தது. போன மாதக் கடனை நாள் தவறாமல் அடைத்தவருக்கு மரங்கொத்தி ஒரு துளை போடும். ஆனால் இந்த மாதக் கூடை பாதிக்கு மேல் நிறைந்திருந்தால், "இது கடனை நம்பியே வாழ்கிறது" என்று ஒரு துளையைப் பிசின் வைத்து மூடிவிடும். விளிம்புவரை நிறைந்திருந்தால் இரண்டு துளைகளை மூடும்.

துளை நிறைய இருந்தால் நல்லவர். குறைவாக இருந்தால் அவ்வளவு நல்லவரில்லை. மரங்கொத்தி வந்த பிறகு அந்தக் காட்டில் யாரும் யாரைப் பற்றியும் வேறு விதமாக விசாரிப்பதை விட்டுவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு முள்ளெலி மூன்று குட்டிகளோடு இருந்தது. போன வருடம் ஐப்பசி மழையில் அதன் வளைக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. அப்போது குட்டிகள் நான்கு.

அதனால் இந்த வருடம் ஆடி மாதத்திலேயே முள்ளெலி பாறைமேட்டுக்குப் போயிற்று. மேட்டில் இருந்த வளைகள் எல்லாம் கரடிக்குச் சொந்தம். எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் ஏறாது.

"கரடி மாமா, மழைக்கு முன்னால் எனக்கு ஒரு வளை வேண்டும். மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் குகையில் பூச்சி பொட்டு அண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"எத்தனை துளை வைத்திருக்கிறாய்?"

"நான்கு."

"ஐந்து வேண்டும்."

"மாமா, இரண்டு வருடமாக ஒரு பௌர்ணமிகூடத் தவறியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்."

"எதற்குக் கேட்க வேண்டும்? எனக்கே தெரியும். உன்னை எனக்குப் பிடிக்கும்கூட. ஆனால் ஐந்து வேண்டும்."

"ஏன் ஐந்து?"

கரடி யோசித்தது. அதற்குப் பழக்கமில்லாத வேலை. வெகுநேரம் கழித்து, "நான்கைவிட ஐந்து அதிகம்" என்றது.

முள்ளெலி திரும்பி நடந்தது. வழியில் ஒரு முள்வேலியின் மேல் ஓணான் உட்கார்ந்திருந்தது. எல்லா விஷயமும் தெரிந்த ஓணான் அது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும்.

"என்ன தங்கச்சி, முகம் வாடியிருக்கிறதே?"

முள்ளெலி நடந்ததைச் சொன்னது.

"உன் கூடை எத்தனை கொள்ளும்?" என்று ஓணான் கேட்டது.

"எட்டு. அதில் மாதம் ஆறு எடுக்கிறேன். ஆறு இல்லாவிட்டால் குட்டிகளுக்குப் போதாது."

"முக்கால் கூடை. மரங்கொத்தி கடனை அடைத்ததற்கு ஒரு துளை போடும். கூடை நிறைந்திருப்பதற்கு ஒன்றை மூடும். நீ கிழவியானாலும் நான்குதான்."

"அப்படியென்றால் நான் என்ன செய்வது அண்ணே?"

"முப்பது கொள்கிற கூடையைக் கேட்டு வாங்கு. அதே ஆறு கிழங்கை எடு. கால் கூடைகூட வராது. கால் கூடைக்குக் கீழே என்றால் மரங்கொத்திக்கு மனம் குளிர்ந்துவிடும். கூடுதலாக ஒரு துளை போடும். ஒரே அமாவாசையில் இரண்டு."

முள்ளெலிக்கு நம்பிக்கை வரவில்லை. "அதே ஆறுதானே?"

"அதே ஆறுதான்."

"நானும் அதே முள்ளெலிதானே?"

"தரையில் அதே முள்ளெலிதான். மரத்தில் வேறு."

"இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, உனக்கு எத்தனை துளை?"

"ஒன்றுகூட இல்லை" என்றது ஓணான். "நான் யாரிடமும் கடன் வாங்கியதே இல்லை. அதனால் என்னை யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டுத் தலையை ஆட்டியது.

ஆவணி அமாவாசை வந்தது. முள்ளெலி பெருச்சாளியிடம் போய்ப் பெரிய கூடை கேட்டது. கிடைக்காது என்றுதான் நினைத்தது.

"பெரிய கூடையா! நீ எப்போது கேட்பாய் என்றுதானே அக்கா காத்திருந்தேன்!" என்று பெருச்சாளி உள்ளே ஓடியது. யாருக்காகவும் அது அவ்வளவு வேகமாக ஓடி முள்ளெலி பார்த்ததில்லை. முப்பது கொள்கிற கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, தூசி தட்டி, முன்னால் வைத்தது. "நிரப்பட்டுமா?"

"ஆறு போதும்."

"ஆறா? முப்பது கொள்கிற கூடையில் ஆறா?"

"ஆறு."

"உன் இஷ்டம். ஆனால் வழியில் மயில் உட்கார்ந்திருக்கும். பார்த்துப் போ" என்றது பெருச்சாளி. குரலில் இனிமை சற்றுக் குறைந்திருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசையன்று எல்லோரும் வழியோரம் நின்று, யார் கூடையில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். நிறைந்த கூடையோடு வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள். அது முழுக்கக் கடன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வழிவிடுவார்கள். குறைந்த கூடையோடு வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பை எப்போதும் மயில்தான் தொடங்கி வைக்கும்.

முள்ளெலிக்கு அது ஞாபகம் வந்தது. கூடையைப் பார்த்தது. அடியில் ஆறு கிழங்குகள் ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தன. சின்னக் கூடையில் இருந்தபோது அவை ஒரு குடும்பம் சாப்பிடுகிற சாப்பாடாகத் தெரிந்தன. இதில் யாரோ விட்டுவிட்டுப் போன மிச்சம் போல் தெரிந்தன.

உடனே அது மரங்கொத்தியை மறந்து ஒரு புதருக்குப் பின்னால் போயிற்று. கிழங்குகளை வெளியே எடுத்தது. கூடைக்குள் காய்ந்த சருகுகளை அள்ளி அமுக்கியது. மேலே ஆறு கிழங்குகளையும் பரப்பி வைத்தது. பார்ப்பதற்கு முப்பது கிழங்கு மாதிரியே இருந்தது.

மயில் அதைக் கண்டதும் தோகையைச் சுருக்கி ஒதுங்கியது. "வாருங்கள், வாருங்கள்! என்ன, வீட்டில் விசேஷமா?"

"சும்மா, குட்டிகளுக்கு" என்றது முள்ளெலி. அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தடி தூரம் அப்படியே நடந்தது.

பட்ட மரத்தடிக்கு வந்தபோது மேலேயிருந்து குரல் கேட்டது. "முள்ளெலி. போன மாதக் கடன் வந்துவிட்டது. ஒரு துளை. இந்த மாதம் கூடை விளிம்புவரை. இரண்டை மூடுகிறேன்."

"ஐயோ, ஐயா! அது கிழங்கில்லை. உள்ளே வெறும் சருகு!"

"எனக்கு இங்கிருந்து நிறைந்த கூடை தெரிகிறது."

"இறங்கி வந்து பாருங்களேன்!"

"இறங்கி வருவது என் வேலையில்லை" என்று மரங்கொத்தி பிசினை எடுத்தது.

நான்கு போய் மூன்று ஆயிற்று.

முள்ளெலி வீட்டுக்குப் போனதும் குட்டிகள் கூடைக்குள் தலையை விட்டன. ஒரு குட்டி சருகைத் தின்று பார்த்துத் துப்பியது. "அம்மா, இது எதற்கு?" என்று கேட்டது. முள்ளெலி சருகை வெளியே கொட்டியது.

அந்த மாதம் அது மற்ற மாதங்களைவிட ஆழமாகத் தோண்டியது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பே ஆறு கிழங்கையும் திருப்பிக் கொடுத்தது. பிறகு பாறைமேட்டுக்குப் போயிற்று.

"இன்னும் ஒரே ஒரு வளைதான் மிச்சம்" என்றது கரடி. "புரட்டாசி அமாவாசையன்று துளையை எண்ணுவேன். ஐந்து இருக்கிறவர்களில் முதலில் வருகிறவருக்கு."

"ஐந்து இல்லாவிட்டால்?"

கரடி வானத்தைப் பார்த்தது. மேற்கே கறுத்திருந்தது.

புரட்டாசி அமாவாசை. விடிந்ததும் முள்ளெலி பெரிய கூடையோடு பெருச்சாளியின் பொந்து வாசலில் நின்றது.

"வா அக்கா! உனக்கென்றே கருணைக்கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன். மழை வரப்போகிறது, தோண்ட முடியாது. குட்டிகள் பாவம் இல்லையா? கூடையில்தான் இடம் இருக்கிறதே!"

கருணைக்கிழங்கு ஒவ்வொன்றும் முள்ளெலியின் தலை அளவு இருந்தது. முள்ளெலியின் கை அதன் மேல் போயிற்று. ஒரு நிமிடம் அங்கேயே இருந்தது.

"இடம் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கையை எடுத்துக்கொண்டது. "வழக்கமான ஆறு கொடு."

இந்தத் தடவை அது புதர்ப் பக்கம் போகவில்லை. நடு வழியில் நடந்தது. நடக்க நடக்க ஆறு கிழங்குகளும் பெரிய கூடைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு கடகடவென்று சத்தம் போட்டன. பார்க்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது என்ன கூத்து!" என்று மயில் கத்தியது. "கிழங்கைக் கூடை சுமக்கிறதா, இல்லை கூடை கிழங்கைத் தேடிக்கொண்டு போகிறதா?"

"ஆறு கிழங்குக்குப் பல்லக்கு போகிறது, எல்லோரும் கும்பிடுங்கள்!" என்றது மரத்திலிருந்த குரங்கு.

"அக்காவுக்குப் பெருச்சாளி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதோ என்னவோ!"

வழி நெடுகச் சிரிப்பு. முள்ளெலிக்கு முதுகு முள் எல்லாம் சிலிர்த்தது. சுருண்டு பந்தாகிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் சுருண்டால் கூடை கவிழ்ந்துவிடும். அதனால் சுருளாமல் நடந்தது.

பட்ட மரத்தடியில் நின்று, கூடையின் அடி நன்றாகத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தது.

"போன மாதக் கடன் வந்துவிட்டது. ஒன்று" என்றது மரங்கொத்தி. டொக். "கூடை கால் பங்குகூட இல்லை. இன்னொன்று." டொக். "ஐந்து. நீ முன்பைவிட நல்லவளாகிவிட்டாய்."

"அதே ஆறு கிழங்குதான் ஐயா."

"அது எனக்குத் தெரியாது" என்றது மரங்கொத்தி. "அடுத்தவர் வரலாம்."

அடுத்ததாக மயில் வந்தது. ஐம்பது கொள்கிற கூடை, விளிம்புவரை. எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள்.

முள்ளெலி கூடையைக்கூட இறக்கி வைக்காமல் பாறைமேட்டுக்கு ஓடியது. கரடி பட்ட மரத்தடிக்கு வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, விரல் விட்டு எண்ணியது. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணியது.

"ஐந்து" என்றது. "வலது பக்கம் கடைசி வளை. குட்டிகளை அழைத்துக்கொண்டு வா."

பின்னாலேயே மயில் மூச்சிரைக்க வந்தது. "மாமா, அந்த வளை எனக்கு! என் கூடையைப் பார்த்தீர்களா? காட்டிலேயே பெரியது!"

"பார்த்தேன்" என்றது கரடி. "துளையையும் பார்த்தேன். ஒன்று இருக்கிறது."

"ஊரே எனக்கு எழுந்து நின்று வழிவிடுகிறது மாமா!"

"நல்லது" என்றது கரடி. "அவர்களிடம் ஏதாவது வளை இருக்கிறதா கேட்டுப் பார்."

எட்டாம் நாள் மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை. ஆற்றங்கரை எது, ஆறு எது என்று தெரியாமல் போயிற்று. மயில் ஒரு புளியமரக் கிளையில் தோகை தொங்க உட்கார்ந்திருந்தது. கூடையைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. கடன் அப்படியே இருந்தது.

மேட்டு வளையில் மூன்று குட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. முள்ளெலி மட்டும் அடிக்கொரு தரம் எழுந்து தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தரை காய்ந்திருந்தது. மழை விட்ட அன்றுதான் அதுவும் தூங்கியது.

நீதி: கடன் வாங்கக்கூடிய அளவு பெருகலாம், வாங்கும் கடன் பெருகக் கூடாது. கூடை காலியாக இருப்பதற்காக வெட்கப்படாதே.