புயல் கணக்கும் இன்னாசியின் வரிசையும்

தமயந்தி மேடத்தின் பொறுப்பில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. ஒற்றைப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக அலமாரிகளில் உட்கார்ந்து, ஒரு வரிசையில் உள்ளவை எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்.

அவரிடம் வேலை பழகியவர்களில் இன்னாசி கெட்டிக்காரன், கூடவே ரோஷக்காரன். அவன் பார்த்துக்கொண்ட வரிசையில் பழுது என்ற பேச்சே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் லேசாகத் தடுமாறினால் போதும், கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிவிடுவான். ஏன் தடுமாறியது என்று பார்க்க அவனுக்குப் பொறுமை ஏது?

பக்கத்து வரிசை, அவனோடு வேலை பழகிய கோதையுடையது. அது எந்நேரமும் புலம்பும். இங்கே சூடு என்னும், அங்கே நினைவகத்தில் பிழை என்னும். கோதை ஒவ்வொன்றையும் கேட்டுக் காரணம் தேடுவாள். ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தாள்.

வங்கக் கடலில் புயல் கிளம்பியது. படகுகள் கடலில் இருந்தன. புயலின் பாதையைக் கணிக்கும் வேலையை மேடம் கோதையின் வரிசைக்குக் கொடுத்தார்.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் உழைப்புக்கு இதுதான் மரியாதையா என்று நேராகவே போய்க் கேட்டுவிட்டான்.

மேடம் அவனை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். புயல் கணக்கு இன்னும் தொடங்கவில்லை, இரண்டு வரிசையிலும் ஒத்திகைதான் ஓடிக்கொண்டிருந்தது. கோதையின் வரிசையில் ஒரு கம்ப்யூட்டரைச் சட்டென்று உருவினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கணக்கு ஒரு கணம் தயங்கியது, பிறகு தன்பாட்டுக்கு ஓடியது.

“இப்ப உன் வரிசையில ஒண்ணை உருவு.”

இன்னாசியின் கை போனது, பாதியில் நின்றது. எவ்வளவு நேரம்தான் நிற்பான், பாவம்.

“உருவினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது மேடம்.”

“உனக்குத் தெரியும்னு நினைச்சேன்” என்றார் மேடம்.

அவன் கையை இறக்கினான். இனி இந்த அறையில் தனக்கு இடமில்லை என்று தோன்றியது.

“என்னை வேலையை விட்டு அனுப்பிடுவீங்களா?”

மேடம் சிரித்துவிட்டார்.

“தடுமாறினதும் கழற்றி வைக்கிறது உன் பழக்கம், என்னோடது இல்ல. போ, கோதைக்குத் துணையா ஒரு ஆள் வேணும்.”