தலையைக் கொடுத்துக் காலைக் காத்த கட்டக்கோரை

அந்தக் காலத்தில் கடற்பாசிகளுக்குக் கால் இருந்தது. நண்டுகளைப் போல அவை கடலடியில் நடந்து திரிந்தன. வாயும் இருந்தது; அது காலைவிட வேகம்.

அந்தக் கடலில் இரண்டு பாறைகள் உண்டு. மேல்பாறையில் வெயில் தகதகவென்று இறங்கும். ஆனால் தண்ணீரில் சத்து கிடையாது. கீழ்ப்பாறையிலோ கச்சான் காற்று கலக்கிவிடும் வண்டலில் சத்து ததும்பும், வெளிச்சம்தான் மங்கல்.

கட்டக்கோரை என்ற பழுப்புநிறப் பாசி காலையில் மேலே ஏறி வெயில் காய்வாள். மாலையில் கீழே இறங்கிச் சத்து குடிப்பாள். ஏறி இறங்கியே உடம்பு தேய்ந்தது. ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. வித்து கட்டவும் தெம்பில்லை. அவள் இனத்தில் மற்றவர்கள் இப்படியே உதிர்ந்துபோய், அவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் வித்து விடாமல் போனால் கட்டக்கோரை என்ற பேரே கடலில் இருக்காது.

"என்னடி, இந்த வருஷமும் வெறும் மடிதானா?" என்று கஞ்சிப்பாசி கேட்பாள்.

"உன் வாய்க்கு மட்டும் எங்கேயிருந்துடி சத்து கிடைக்குது?" என்பாள் கோரை.

ஒருநாள் கடலம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாசிகள் மிதித்து மிதித்துச் சங்கு முட்டைகளெல்லாம் நசுங்கிக்கொண்டிருந்தன.

"நாளை ஓதம் ஏறுமுன் ஏதாவது ஒரு பாறையில் காலை வைத்துவிடுங்கள். வைத்த காலை எடுக்கக் கூடாது!"

பாசிகள் முண்டியடித்து மேல்பாறைக்கு ஓடின. சிற்றுடம்புக்காரிகள், கிடைத்ததைக் கொண்டு பிழைத்துவிடுவார்கள். கோரைதான் நடுவழியில் நின்றாள். மேலே நின்றால் பசி, கீழே நின்றால் இருட்டு. எங்கே நின்றாலும் வித்து இல்லை. கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'வைத்த காலை எடுக்கக் கூடாது. வைத்த காலை...' சட்டென்று நிமிர்ந்தாள். கடலம்மா காலைத்தானே சொன்னாள்?

விறுவிறுவென்று கீழ்ப்பாறைக்கு இறங்கினாள். கால்விரல்கள் அத்தனையையும் பாறைப் பிளவுகளில் ஊன்றினாள்.

"புத்தி கெட்டவள், இருட்டில் போய் நிற்கிறாள் பார்!" என்று மேல்பாறை முழுக்கச் சிரித்தது.

கோரை சத்தைக் குடித்துக் குடித்து உடம்பை மேல்நோக்கி நீட்டினாள். நீளம் வந்தது, நிமிர்வு வரவில்லை. நீண்ட உடம்பு துவண்டு வண்டலிலேயே விழுந்தது.

அப்போது அந்தப் பக்கமாகப் பேத்தை மீன் வந்தது. காற்றை விழுங்கி வயிறு உப்பித் திரிவதில் அதற்குத் தனிப் பெருமை.

"காற்றைப் பிடித்து வைக்க இந்தக் கடலில் என்னை விட்டால் ஆள் கிடையாது" என்றது.

"அவ்வளவு பெரிய வயித்துல அடைக்கிறது ஒரு வித்தையாண்ணே? என் இலையோரத்துல மிளகு மிளகாப் பை இருக்கு. அதுல ஒரு பொட்டுக் காத்தை நிறுத்திக் காட்டுங்க, பார்ப்போம்."

பேத்தை மேலே போய் ஒரு வாய்க் காற்று எடுத்துவந்து ஊதியது. காற்று நின்றது.

"ஒண்ணு குருட்டாம்போக்குல நின்னிருக்கும்" என்றாள் கோரை.

பேத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. மேலே போவதும் கீழே வருவதும் ஊதுவதுமாக, ஒரு பை விடாமல் நிரப்பித் தள்ளியது. கோரையின் உடம்பு வண்டலை விட்டு எழுந்தது. மங்கலைத் தாண்டியது. மேல்பாறையையும் தாண்டி, ஆளுயரத்துக்கும் மேலாக நிமிர்ந்து, வெயிலில் விரிந்து நின்றது!

"கோரை! காலை எடுத்தாயா?" என்று அதட்டினாள் கடலம்மா.

"தொட்டுப் பாருங்கம்மா, ஒரு விரல் நகரலை. தலையைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே!"

கடலம்மா சிரித்த சிரிப்பில் கரைவரைக்கும் நுரை தள்ளியது.

கீழே சத்து, மேலே வெயில். சில வாரங்களில் கோரையின் மடி நிறைந்தது. ஆயிரமாயிரம் வித்துகளுக்கும் கட்டுச்சோறு கட்டிக் காலடியில் இறக்கினாள். ஆனால் ஒன்றும் முளைக்கவில்லை. குனிந்து பார்த்தவள் திடுக்கிட்டாள். அவள் தலை விரித்த நிழல், கீழே இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்திருந்தது.

கோரை அடுத்து வந்த அலையைக் கூப்பிட்டாள். "என் தலையை அறுத்துக்கிட்டுப் போ!"

"ஐயோ, அவ்வளவு அழகான தலையைப் போய்..." என்று பதறினாள் கஞ்சிப்பாசி.

"கால் இருந்தா தலை வளரும்டி. பிள்ளைங்க காத்திருக்க மாட்டாங்க."

அலை அறுத்தது. அந்த இடைவெளியில் வெளிச்சம் கீழே விழுந்தது. கீழ்ப்பாறை முழுவதும் பழுப்புநிறக் குருத்துகள் கூட்டமாகக் கண் திறந்தன.

அன்று முதல்தான், வித்து விட்ட கட்டக்கோரை தன் தலையை அலைக்குக் கொடுத்துவிட்டுக் காலோடு பாறையில் இருக்கிறது. கரையில் குவியல் குவியலாக அந்தத் தலை ஒதுங்கிக் கிடந்தால் கோரை செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடலுக்கடியில் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.