யார் கொண்டுவந்த மசோதா

“இந்தத் தடவையும் மசோதா நிறைவேறலை, அம்மா” என்றார் மின்துறை மந்திரி மாசிலாமணி.

தாயம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மந்திரியைவிடப் பத்து வயது சிறியவர். ஆனாலும் மனம் சோர்ந்தால் மந்திரி அவருடைய ஆற்றங்கரை மடத்துக்குத்தான் வருவார்.

“என்ன மசோதா?”

“மின்சிக்கன மசோதா. பழைய மோட்டார், பழைய விளக்கு, வெயிலை உள்ளே வாங்குற கட்டடம், எல்லாம் மின்சாரத்தைக் குடிச்சுத் தீர்க்குது. மாத்தணும்னு சட்டம் போட்டா கோடையில கரண்ட் போகாது. நேத்து எங்க ஊர் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு இருண்டு கிடந்துச்சு. பெத்தவளுக்கு நானே அட்டையால விசிறினேன்.”

“நல்ல காரியம்தானே. யார் தடுக்கிறா?”

“எதிர்க்கட்சி. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமபலம். நான் வாயைத் திறந்தா திருவேங்கடம் எழுந்திரிப்பார். அவர் ஆளுங்க மேஜையைத் தட்டுவாங்க. எங்க ஆளுங்க பதிலுக்குக் கத்துவாங்க. சபாநாயகர் ஒத்திவெச்சுட்டுப் போயிடுவார்.”

“அந்தப் பேச்சை இங்கே பேசுங்க. கேட்போம்.”

மந்திரி துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சட்டசபை என்றே நினைத்துக்கொண்டு முழங்கினார். மடத்துப் பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

பேசி முடித்ததும் சமையலறையிலிருந்து பலத்த கைதட்டல்.

கையெல்லாம் கோதுமை மாவோடு வெளியே வந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் திருவேங்கடம்.

“அருமை! போன ஆட்சியில நான் பேசினது அப்படியே! ‘தாய்மார்கள் இருளில் தவிக்கிறார்கள்’னு ஒரு இடம் வருதே, அதுகூட என்னோடதுதான்.”

மந்திரிக்கு வியர்த்தது. “இவர் எப்படி இங்கே?”

“உங்களை மாதிரி புலம்ப வர்றவர்தான்” என்றார் தாயம்மை. “அவர் மசோதாவைச் சபையில கிழிச்சது யார்?”

மந்திரி வெண்டைக்காயைப் பார்த்தார்.

“நான்தான்.”

“ஏன்?”

“அவர் கொண்டுவந்தார்.”

தாயம்மை திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க இப்போ ஏன் எதிர்க்கிறீங்க?”

“இவர் கொண்டுவந்துட்டாரே!”

தாயம்மைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். மறுபடி கத்தியை எடுத்து வெண்டைக்காயை நறுக்கத் தொடங்கினார்.

காரில் திரும்பும்போது பேச்சைத் திருத்தித் தரட்டுமா என்று உதவியாளர் கேட்டார். மந்திரி, “வேண்டாம், இனி பேச்சே தேவையில்லை” என்றார்.

சபை கூடியது. மந்திரி எழுந்தார். எதிர்வரிசையில் கைகள் மேஜைமேல் தயாராக இருந்தன.

“பேரவைத் தலைவர் அவர்களே, இது என் மசோதா இல்லை. போன ஆட்சியில் உறுப்பினர் திருவேங்கடம் கொண்டுவந்தது. நான் கிழித்தேன். தவறு. ஒட்டி எடுத்து வந்திருக்கிறேன். அவரே விளக்கட்டும்.”

உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வரிசைக் கைகள் மேஜையைத் தட்டத்தான் செய்தன. ஆனால் வரவேற்றுத் தட்டின. ஆளுங்கட்சிக்காரர்கள் கத்துவதற்கு வாயைத் திறந்தார்கள். வரவேற்பு கிடைத்ததோ சொந்த மந்திரிக்கு. மூடிக்கொண்டார்கள்.

திருவேங்கடம் எழுந்தார். நல்ல பேச்சாளர், அன்று நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

மசோதா நிறைவேறியது.

மறுவருஷம் கோடை முடிந்து மந்திரி மடத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“மின்சாரம் மிச்சமாகுதா?” என்று கேட்டார் தாயம்மை.

“ஆகுதும்மா. கோடை முழுக்க ஒரு நாள்கூடக் கரண்ட் போகலை.”

“அப்புறம் என்ன குறை?”

மந்திரி தயங்கினார்.

“எல்லாரும் அதைத் ‘திருவேங்கடம் சட்டம்’னு சொல்றாங்க. என் பேரை ஒருத்தரும் எடுக்கிறதில்லை.”

“அடடே!” என்றார் தாயம்மை, முகமெல்லாம் மலர. “மின்சாரத்தோட உங்க பேரையும் மிச்சம் பிடிச்சுட்டீங்களே!”