ஞாயிற்றுக்கிழமை வாங்கிய போன்

ஜெனிட்டா ஆளைச் சந்தேகப்படுகிறவள் என்று ஊரே சொல்லும். அவள் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆகியிருப்பீர்கள் என்பது என் கட்சி. கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சங்குமுனை என்ற கடற்கரை ஊரில் இறால் உரிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. பகல் முழுக்கக் கை ஐஸ் தண்ணீருக்குள் கிடக்கும். புருஷன் சூசைராயன் தங்குகடலுக்குப் போகிறவன். போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. இடையில் படகு ஊர்முனையைக் கடக்கும்போது இரண்டு மூன்று நிமிஷம் சிக்னல் கிடைக்கும். உடனே “காத்து?” என்று ஒரு மெசேஜ் அனுப்புவான். கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்த காற்று நிலவரத்தை வைத்து அவள் பதில் போட வேண்டும். ஒன்று என்றால் பயமில்லை, போகலாம். ஐந்து என்றால் உடனே கரைக்கு வா.

என்ஜின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. சூசைராயன் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால்தான் இந்த எண் ஏற்பாடு. முன்கூட்டியே அனுப்பினால் நம்பமாட்டான். முந்தின நாள் மெசேஜ் ஒருமுறை தாமதமாய் வந்து, நல்ல கடலை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் அவன். கேட்ட பிறகு வருகிற பதில்தான் அவனுக்குப் பதில்.

மூன்று மாதத்துக்கு முன் அவன் கேட்டபோது கடலில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கூடத்தில் நின்ற ஜெனிட்டா தன் பழைய தொடுதிரைப் போனை எடுத்து ஐந்தைத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள், வேறெதுவோ திறந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் படகு முனையைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் நாள் சூசைராயன் உடைந்த தோளோடு வந்து சேர்ந்தான். போன் செத்துவிட்டது என்று எல்லோரும் அதன்மேல் பழி போட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அதே போன் ஒழுங்காக வேலை செய்ததை ஜெனிட்டா மட்டும் பார்த்தாள். பார்த்தாளே தவிர, காரணம் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எந்தப் போன்மேலும் நம்பிக்கை இல்லை, போனைப் புகழ்கிற மனுஷர்மேலும் இல்லை.

தோள் கூடிவிட்டது. திங்கட்கிழமை சூசைராயன் மறுபடி கடலுக்குப் போகிறான். அதனால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பவுடர் மணம்கூடப் போகாமல், கொழுந்தன் வினிஸ்டனை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். கடைக்காரர் பொன்பெருமாள் இரண்டு போன்களை எடுத்து வைத்தார். விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒன்று பெரியது. உள்ளங்கைக்கு அடங்காது, முழுக்கத் திரை. விரல் பட்டதும் பறந்தது. தமிழ் எழுத்தெல்லாம் திரையிலேயே வந்து நின்றது. மற்றது சிறியது. பாதிதான் திரை, கீழே நிஜமான பட்டன்கள், மேல் வரிசையில் எண்கள், அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். வீடியோ திறக்கச் சொன்னால் பெருமூச்சு விட்டது. மெசேஜ் மட்டும் தடங்கலில்லாமல் போனது.

“பெருசையே எடுங்க மதினி. சின்னதுல தமிழே கெடயாது, பாத்தியளா? ஆமை மாதிரில்லா போவுது!” என்றான் வினிஸ்டன்.

ஜெனிட்டா அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதற்குள் அவன் பெரிய போனுக்கு உறை தேட ஆரம்பித்திருந்தான். பைக் படம் போட்ட உறை. மதினிக்கு எதற்கு பைக் படம்? ராத்திரியானால் இந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கூடத்துல வேலையா? அப்பம் சின்னத எடுங்கம்மா. ஒங்களுக்கு இதுதான் தோது” என்றார் பொன்பெருமாள்.

இவர் எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறார்? சின்னப் போன் இருந்த பெட்டியை அவர் சட்டை நுனியால் ரகசியமாகத் துடைத்ததை அவள் கவனித்திருந்தாள். ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. விலை போகாத சரக்கை இளிச்சவாய்ச்சி தலையில் கட்டப் பார்க்கிறார்!

ஒருத்தன் தனக்காகப் பேசுகிறான், இன்னொருத்தர் தன் கடைக்காகப் பேசுகிறார். சூசைராயனுக்காகப் பேச அங்கே யாருமில்லை. அவளுக்கு அழுகையே வந்தது. தப்பாக எடுத்தால் இந்தத் தடவை தோளோடு போகுமா?

பேச்சு நீளவே, பொன்பெருமாள் ஐஸ் பெட்டியிலிருந்து கலர் சோடா எடுத்துக் கொடுத்தார். வியர்த்து வழிந்த பாட்டிலை ஜெனிட்டா குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைக்காமல், இரண்டு போனையும் தன் பக்கம் இழுத்தாள்.

கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். இருவரும் சுயநலத்தோடு பேசியவர்கள். இதில் யார் சொன்னது சரி? ஜெனிட்டா எந்தப் போனோடு வீடு திரும்பினாள்?

விடை: சின்னதோடுதான். ஈர விரலில் ஐந்தைத் தட்டியபோது பெரிய போன் மூன்றைக் காட்டியது, பிறகு எதையுமே காட்டவில்லை. கூடத்தில் அன்று பழைய போன் செய்ததும் இதேதான். பட்டன் போன் அமுக்கிய எண்ணை அப்படியே காட்டியது. ஞாயிற்றுக்கிழமையின் காய்ந்த கைக்கு இரண்டும் நல்ல போன். அவளுக்கு வேண்டியது கூடத்து ஈரக் கைக்கு ஒரு போன். எண்ணுக்குத் தமிழ் எதற்கு, ஒரே ஓர் எண்ணை அனுப்ப வேகம் எதற்கு? பொன்பெருமாள் விலை போகாத சரக்கைத் தள்ளிவிட்டார் என்பதும் உண்மை, அவர் சொன்னது சரி என்பதும் உண்மை. ஆளைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆனால் அதோடு நின்றிருந்தால் தப்பான போனை எடுத்திருப்பாள். ஒன்பதாம் நாள் “காத்து?” என்று வந்தது. ஜெனிட்டா ஐஸ் தண்ணீரிலிருந்து ஒரு கையை எடுத்து ஐந்தை அமுக்கினாள். அன்று இருட்டுவதற்குள் சூசைராயன் வீட்டு வாசலில் நின்று, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.